மகவேற்புப் பதிவுகளைக் கேட்டு எடுப்பது எப்படி: வன்னியில் வளர்ந்தவர்களுக்கு

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த கிழமை, காணி உறுதியைத் தேடி அம்மாவின் பிஸ்கட் பேணியைத் திறந்தேன். அடியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும், 2009இல் கடற்கரை வரை போனபோதும் அம்மா சீலைக்குள் செருகிக் கொண்டுபோன தாள் அது. மடிப்பு விழுந்த இடத்தில் தண்ணீர் பட்டு, இலக்கத்தின் நடு இரண்டு எண்கள் கரைந்து போயிருந்தன. தலைப்பில் "மகவேற்புச் சான்றிதழ்" என்றிருந்தது. என்னைத் தத்தெடுத்ததற்கான தாள் அது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

அந்தக் கரைந்த இரண்டு எண்களுக்காகவும், அவற்றின் பின்னால் இருந்த நீதிமன்றக் கோவைக்காகவும் (ஃபைல்) பதினான்கு மாதம் அலைந்தேன். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று யாராவது சொல்லித் தந்திருந்தால் ஐந்து மாதத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் நிலைமைக்கு ஏற்றதை ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

1. உங்களிடம் இருப்பது என்ன தாள் என்று முதலில் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் "எடுத்து வளர்த்த பிள்ளை" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விதமான நிலைமை இருக்கிறது. எது உங்களுடையது என்று தெரியாமல் வெளிக்கிட்டால் பிழையான கந்தோரில்தான் நிற்பீர்கள்.

சட்டப்படியான மகவேற்பு என்றால் உங்களிடம் மகவேற்புச் சான்றிதழ் இருக்கும். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் கட்டளை கொடுத்து, அதைப் பதிவாளர் நாயகம் பதிந்து தருவது அது. பள்ளிக்கூடம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழின் இடத்தில் அதைத்தான் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாவது, நீதிமன்றமே போகாமல், வளர்த்தவர்களே பெற்றவர்கள் என்று பிறப்பைப் பதிந்திருப்பது. இது வன்னியில் குறைவில்லை. பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதியையும் பதிவு செய்த திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் வருடக்கணக்கு இருந்தால், தகவல் கொடுத்தவர் யார் என்ற கூட்டைப் பாருங்கள். இடப்பெயர்வால் பிந்திப் பதிந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே பிந்திய பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். உண்மையிலேயே இந்த நிலைமைதான் என்றால் தேடுவதற்கு மகவேற்புக் கோவை இருக்காது. 8ஆம் படிக்குப் போங்கள். பிறப்புப் பதிவைத் திருத்தும் யோசனை இருந்தால் சட்டத்தரணியைக் காணுமுன் எந்தக் கந்தோரிலும் வாய் திறக்க வேண்டாம். வளர்த்தவர்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றம் பிள்ளையைப் பராமரிக்கத் தகுதியான ஒருவரிடம் ஒப்படைத்த கட்டளை. இது மகவேற்பு அல்ல. கோவை மாவட்ட நீதிமன்றத்தில் இராது, நீதவான் நீதிமன்றத்திலும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு பார்க்கும் திணைக்களத்திலும்தான் இருக்கும்.

நாலாவது, கையில் உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டும் இருப்பது. பிறப்புப் பதிவு கிடைக்காதபோது கொடுப்பது அது. அதில் பெற்றோரைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் வளர்த்தவர்கள் சொன்னதாகவே இருக்கலாம்.

2. வீட்டில் கேளுங்கள், பிந்த வேண்டாம்

இந்தப் படியை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். நானும் தள்ளினேன். அம்மா நோகுவா என்று எட்டு மாதம் ஒளித்து ஒளித்துக் கந்தோர் கந்தோராகத் திரிந்தேன். கடைசியில் கேட்டபோது அவ ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், எந்த ஊர்க் கோடு (நீதிமன்றம்), எந்த வருடம், வழக்கைப் பேசிய பிறக்கிராசியார் (சட்டத்தரணி) யார், என்னைத் தூக்கிக்கொண்டு வந்த சைக்கிள் யாருடையது என்று எல்லாம் சொன்னா. அந்தப் பிறக்கிராசியார் செத்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

"நான் யாருடைய பிள்ளை" என்று கேட்காதீர்கள். அது அவர்களை வெட்டும். "எந்தக் கோட்டில் எழுதினீங்கள், எந்த வருசம்" என்று தாளைப் பற்றிக் கேளுங்கள். கேட்க வேண்டியவை: அப்போது எந்த ஊரில் இருந்தார்கள், எனக்கு முதலில் இருந்த பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிறுவர் இல்லம், கோட்டில் யார் சாட்சி சொன்னார்கள், கோயிலிலோ சேர்ச்சிலோ என்ன செய்தார்கள். அன்றிரவே திகதி போட்டு எழுதி வையுங்கள். வளர்த்தவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய சகோதரங்கள், அந்தக் கால விதானையார், பக்கத்து வளவுக்காரர் என்று கேளுங்கள்.

3. ஒரு கோவை தயார் பண்ணுங்கள்

எந்தக் கந்தோருக்குப் போனாலும் இவை கையில் இருக்கட்டும்: அடையாள அட்டையும் பிரதியும், மகவேற்புச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், வளர்த்தவர்களின் திருமணச் சான்றிதழ், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், உங்கள் கோரிக்கைக் கடிதம் இரண்டு பிரதி. இரண்டாவது பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று திகதி முத்திரை போடுவியுங்கள். நான் முதலில் கொடுத்த கடிதம் ஒன்று வந்து சேரவே இல்லை என்று நாலு மாதம் கழித்துச் சொன்னார்கள். முத்திரை போட்ட பிரதி என்னிடம் இல்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.

பெயர் எழுத்துப் பிழைக்கு இப்போதே வழி பாருங்கள். ஒரு தாளில் இராசம்மா, இன்னொன்றில் ராஜம்மா, ஆங்கிலத்தில் எழுதியதில் வேறொன்று. "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்தால் பல பயணம் மிச்சம்.

4. மகவேற்புச் சான்றிதழின் புதிய பிரதி

பழைய தாள் கிழிந்திருந்தாலோ எழுத்துக் கரைந்திருந்தாலோ முதல் வேலை இதுதான். மகவேற்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடு பதிவாளர் நாயகத்தின் பொறுப்பில் இருக்கிறது. தலைமையகம் பத்தரமுல்லையில். நேரே கொழும்புக்கு பஸ் ஏறாமல், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு, எந்தப் படிவம், எங்கே அனுப்புவது, இன்றைய கட்டணம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சான்றிதழுக்கு நீங்களே விண்ணப்பிப்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

பிரதி வந்ததும் நாலு விடயத்தைப் பாருங்கள்: பதிவின் இலக்கம், கட்டளை கொடுத்த நீதிமன்றம், கட்டளைத் திகதி, உங்கள் பிறந்த திகதி. இதில் நான் விழுந்த குழி ஒன்று உண்டு. சான்றிதழின் மேலே இருக்கும் இலக்கம் பதிவேட்டு இலக்கம், நீதிமன்ற வழக்கு இலக்கம் அல்ல. அதை வழக்கு இலக்கம் என்று நினைத்துக் கொடுத்து, "அப்படி ஒரு வழக்கு இல்லை" என்ற பதிலோடு இரண்டு தரம் திரும்பி வந்தேன். நீதிமன்றத்தில் தேடுவதற்குத் தேவையானவை கட்டளைத் திகதியும் வளர்த்தவர்களின் முழுப்பெயரும்தான்.

5. நீதிமன்றக் கோவை: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

சான்றிதழில் பெற்ற தாயின் பெயர் இராது. அது இருக்கும் இடம் வழக்குக் கோவை. அதற்குள் வளர்த்தவர்களின் மனு, உங்கள் முதல் பிறப்புச் சான்றிதழின் பிரதி, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை, பெற்றவரின் சம்மதம், கடைசிக் கட்டளை ஆகியவை இருக்கலாம்.

எந்த நீதிமன்றம் என்பதில் வன்னிக்காரர் கவனமாக இருக்க வேண்டும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். அதற்கு முந்திய பதிவுகளைப் பழைய மாவட்டத்தின் பெயரிலும் தேட வேண்டும். யுத்த காலத்தில் எங்கள் சனம் எந்தக் கோடு நடந்ததோ அந்தக் கோட்டுக்குப் போனது. ஒட்டுசுட்டானில் இருந்தவர் வவுனியாவில் வழக்கு எழுதியிருக்கலாம், பூநகரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் எழுதியிருக்கலாம். நீங்கள் இருந்த ஊரை வைத்து ஊகிக்க வேண்டாம், சான்றிதழில் எழுதியிருக்கும் நீதிமன்றத்தைப் பிடியுங்கள்.

போனவுடன் பதிவாளரின் கந்தோரில் பதிவறையை விசாரியுங்கள். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் அந்த ஆண்டின் வழக்குப் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டளைத் திகதிக்கு முந்திய ஒன்றிரண்டு வருடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் வழக்கு எழுதிய ஆண்டின் கீழ்த்தான் பெயர் இருக்கும். எனக்கு அங்கேதான் கிடைத்தது: கட்டளை 1988, வழக்கு 1987.

பிரதி எடுக்கச் சட்டத்தரணி வைப்பது நல்லது. அவர் நகர்த்தல் பத்திரம் போட்டு, கோவையைப் பார்வையிடவும் சான்றுப்படுத்திய பிரதி பெறவும் நீதிபதியின் அனுமதி கேட்பார். மகவேற்பு வழக்கு என்பதால் "யார் கேட்கிறார், ஏன் கேட்கிறார்" என்று பார்ப்பார்கள். காரணத்தை நேராக எழுதுங்கள். பரம்பரை நோய் விபரம், திருமணத்துக்கு முன் இரத்த உறவு பார்ப்பது, பெற்ற தாயை அறிய விரும்புவது, எல்லாமே நேர்மையான காரணங்கள்தான். சொத்துக்காக வந்திருக்கிறார் என்று யாரும் நினைத்துவிடாதபடி, எந்த உரிமையும் கோரவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

கட்டளையை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். "முழுக் கோவையும்" என்று எழுதிக் கேளுங்கள். முதல் தரம் எனக்கு ஒரு பக்கக் கட்டளையைத் தந்தார்கள், அதில் எனக்கு முன்பே தெரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை. முழுக் கோவை வந்தபோது அது பதினேழு பக்கம். பதினோராவது பக்கம் சம்மதப் பத்திரம். அதன் கீழே நீல மையில் ஒரு கைநாட்டு, பக்கத்தில் எழுதுவினைஞரின் கையெழுத்தில் என்னைப் பெற்ற தாயின் பெயர். பெருவிரல் கொஞ்சம் வழுக்கி, ரேகை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. போட்டோக்கொப்பியில் அது வெறும் கறுப்புப் பொட்டாகத்தான் விழுந்தது. ஆகவே பார்வையிட அனுமதி கிடைத்தால் மூலக் கோவையை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். சட்டத்தரணியின் உதவியாளரை மட்டும் அனுப்பாதீர்கள்.

காசு கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை விசாரியுங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவி செய்வார்கள். கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

6. நன்னடத்தைத் திணைக்களமும் தகவல் உரிமைச் சட்டமும்

வட மாகாணத்தின் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் வேறொரு கோவை இருக்க வாய்ப்புண்டு. சிறுவர் இல்லத்தில் இருந்த பிள்ளை என்றால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். பிரதேச செயலகத்திலிருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் யாரைக் காண்பது என்று சொல்லுவார். எனக்கு முழுப் பயணத்திலும் மனிசராக நடந்துகொண்டவர் அப்படி ஒரு உத்தியோகத்தர்தான். கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் தண்ணி தந்துவிட்டுத்தான் கதைத்தா.

வாய்ப் பதிலை நம்பி வீட்டுக்குப் போக வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லவும் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அங்கேயே நியமித்திருக்கும் "குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு" மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. திகதிகளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் அதைக் காரணம் காட்டுவார்கள்.

மற்றவரின் அந்தரங்கம் என்று சொல்லிச் சில பக்கங்களை மறுக்கலாம். ஆகவே "என் தாயின் விபரம் தருக" என்று எழுதாமல், "என்னைப் பற்றிய கோவை உங்களிடம் உள்ளதா, அதன் இலக்கம் என்ன, என்னென்ன ஆவணங்கள் உள்ளன" என்று முதலில் கேளுங்கள். கோவை இருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால், மிச்சத்தை நீதிமன்றத்தின் மூலம் கேட்கச் சட்டத்தரணிக்கு ஒரு பிடி கிடைக்கும்.

7. முதல் பிறப்புப் பதிவு

மகவேற்பு நடந்ததும் உங்கள் முதல் பிறப்புப் பதிவு அழிந்துவிடாது. அதில் மகவேற்கப்பட்டதாக ஒரு குறிப்பு இடுவார்கள், பதிவு அப்படியே இருக்கும். முதல் பெயரும் பிறந்த திகதியும் இடமும் நீதிமன்றக் கோவையில் கிடைத்துவிட்டால் அந்தப் பதிவைத் தேடலாம்.

அவை தெரியாவிட்டால் வழி நீளம். முதல் பதிவுக்கும் மகவேற்புப் பதிவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் குறிப்புகளைப் பதிவாளர் நாயகம் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, நீதிமன்றக் கட்டளை வேண்டும். கவுண்டரில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. அந்த உத்தியோகத்தரிடம் அதைத் தரும் அதிகாரம் இல்லை. 5ஆம் படியில் போடும் நகர்த்தல் பத்திரத்திலேயே இந்தக் கட்டளையையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பிறகு அதற்கென்று இன்னொரு தவணை, இன்னொரு கட்டணம்.

8. பதிவேடு எரிந்துவிட்டது என்றால்

வன்னியில் அடிக்கடி கேட்கும் பதில் இது. சில இடங்களில் உண்மை. ஆனால் பிறப்புப் பதிவு இரண்டு பிரதியாக எழுதப்பட்டு, ஒன்று கொழும்புக்கு அனுப்பப்படுவது வழக்கம். மாவட்டத்தில் இல்லை என்றால் "இங்கே இல்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவறைக்கு விண்ணப்பியுங்கள்.

அரச தாள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு வேறு தடயங்கள் உண்டு. கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. 1981இல் மன்னார் மறைமாவட்டம் உருவானபோது மன்னாரும் வவுனியாவும் அதற்குள் போயின. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பங்குகள் யாழ் மறைமாவட்டத்தில் உள்ளன. பங்குத் தந்தையிடம் வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் முதல் பெயர் இருக்கலாம். கிளினிக் கொப்பி, பழைய குடும்ப அட்டை என்று எதையும் எறியாதீர்கள்.

2009இல் பெற்றோரைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. காயக்காரரோடு கப்பலில் ஏற்றப்பட்டுத் திருகோணமலைக்கோ புல்மோட்டைக்கோ போனவர்கள், செட்டிகுளம் முகாம்களிலிருந்து உறவினரிடமோ இல்லத்திடமோ ஒப்படைக்கப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். செஞ்சிலுவையின் குடும்பத் தொடர்புச் சேவையையும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தையும் கேளுங்கள். உங்களைத் தேடி ஒரு தாய் முன்பே முறைப்பாடு எழுதியிருக்கலாம். எந்த முகாம், எந்த வலயம், கையில் என்ன இலக்கம் கட்டியிருந்தார்கள் என்று நினைவில் உள்ளதை எல்லாம் எழுதிக் கொடுங்கள்.

9. வெளிநாட்டில் இருப்பவர்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும். குடியுரிமை மாறியவர்கள் நீதிமன்ற வழியைத்தான் பிடிக்க வேண்டும். ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காக அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி, அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்புங்கள். அதில் "மகவேற்புக் கோவையைப் பார்வையிடவும் பிரதி பெறவும்" என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். பொதுவாக எழுதினால் திருப்பி விடுவார்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டிலும் ஒரு கோவை இருக்கும். அதை முதலில் எடுங்கள். பல நேரம் இங்குள்ள நீதிமன்றக் கட்டளையின் பிரதி அதற்குள்ளேயே கிடக்கும். நாடுகளுக்கு இடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது. பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பாதுகாக்கும் கடமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கடிதம் எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

10. செலவும் காலமும்

சான்றிதழ்களின் அரச கட்டணம் பெரிய தொகை இல்லை. மாறிக்கொண்டே இருப்பதால் போகிற அன்று கேளுங்கள். தகவல் உரிமை வழியில் பிரதிக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, முதல் நாலு பக்கம் இலவசம்.

என் காசு போன இடம் வேறு. சட்டத்தரணிக்கு இரண்டு தரமாக 35,000 ரூபா. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த பக்கங்களை மொழிபெயர்க்க 9,000. மிச்சம் எல்லாம் பஸ், சாப்பாடு, விடுப்பு எடுத்த நாட்களின் சம்பளம். தனியார் கடைகளில் "எல்லாம் எடுத்துத் தாறோம்" என்று முற்பணம் கேட்பவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர்களால் எடுக்கக்கூடிய எதையும் நீங்களே எடுக்கலாம், நீதிமன்றக் கட்டளையை அவர்களால் எடுக்கவே முடியாது.

புதிய சான்றிதழுக்கு எனக்கு ஆறு கிழமை எடுத்தது. நீதிமன்றக் கோவையைக் கண்டுபிடிக்க மூன்று மாதம், அனுமதியும் பிரதியும் கைக்கு வர இன்னும் இரண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்ட அதே கிழமை தகவல் உரிமை விண்ணப்பத்தையும் போடுங்கள். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்துதான் நான் ஒரு வருடத்தைத் தின்றேன். நீதிமன்ற விடுமுறை மாதங்களையும் தேர்தல் காலத்தையும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

11. பெயரும் ஊரும் கிடைத்த பிறகு

அன்றே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள். அந்தத் தாய்க்கு இன்று வேறு குடும்பம் இருக்கலாம். உங்களைப் பற்றி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். முகவரியை விசாரிக்கக் கிராம அலுவலரிடம் போனால் அன்று பின்னேரமே ஊருக்குத் தெரிந்துவிடும். நன்னடத்தை உத்தியோகத்தர் மூலமாக, தாயின் கையில் மட்டும் சேரும்படி ஒரு சின்னக் கடிதம் கொடுப்பது நல்லது. "நான் நல்லா இருக்கிறேன், உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, விரும்பினால் இந்த இலக்கத்துக்கு எடுங்கோ." இவ்வளவும் போதும். படம் வைக்க வேண்டாம், வேறு யாருடைய கண்ணிலும் படலாம்.

பதிவைக் கேட்பதால் மகவேற்புக் கட்டளை இரத்தாகாது, உங்கள் பெயரும் காணியும் அடையாள அட்டையும் அப்படியே இருக்கும். வளர்த்தவர்களிடம் இதை உடைத்துச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவின் பயம் முழுக்க அதுதான். கோடு என்னைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிடுமோ என்று முப்பத்தைந்து வயதுப் பிள்ளையைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தா.

கிடைத்த பதினேழு பக்கத்தையும் நான் பிரதி எடுத்து வைத்தேன். ஒன்று தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும். ஒன்று வவுனியாவில் தங்கச்சி வீட்டில். கோடு தந்த சான்றுப்படுத்திய பிரதி பொலித்தீனில் சுற்றி அம்மாவின் பிஸ்கட் பேணிக்குள். அதை அம்மாவே கேட்டு வாங்கி வைத்தா.